அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சீசனுக்கு முன் வீரர்களின் பொசிஷனை மாற்றுவது ஏன்? அதனால் அணியின் ஆள்பலம் உண்மையிலேயே கூடுமா?

பாதி கூடும், பாதி கண்கட்டு.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ரிசீவரைக் (எறிந்த பந்தைப் பிடிக்க ஓடுபவர்) கார்னர்பேக் (அவரை ஒட்டி ஓடித் தடுப்பவர்) ஆக்கினால் கார்னர் பட்டியலில் ஒரு பெயர் ஏறும், ரிசீவர் பட்டியலில் ஒரு பெயர் இறங்கும். தலைக்கணக்கு மாறவில்லை. புதிய இடத்தில் அவரை நம்பி எத்தனை ஸ்னாப் ஆட விடலாம், பழைய இடத்தில் எத்தனை ஸ்னாப் கைவிட்டுப் போகிறது என்று பார்த்தால்தான் லாபமா நட்டமா என்று தெரியும். (பழக்கமில்லாதவர்களுக்கு: ஸ்னாப் என்பது முன்வரிசை நடுவில் நிற்கும் சென்டர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்து ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைத் தொடங்குவது. இரு பக்கமும் 11 பேர். தாக்கும் 11 பேர் வேறு, தடுக்கும் 11 பேர் வேறு.)

இந்த மாற்றங்கள் சமீபத்தில் முக்கியமாகிவிட்டதற்குக் காரணம் விதிகள். 1994 முதல் உச்சநிலைப் பிரிவில் ஓர் அணிக்கு 85 ஸ்காலர்ஷிப்தான் வரம்பாக இருந்தது. ஆனால் உதவித்தொகை இல்லாமல் சேரும் வாக்-ஆன் வீரர்களை அதற்கு மேல் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் பெரிய அணிகளின் பட்டியல் 120ஐத் தாண்டியது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் (கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றியது) சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய் மொத்த ஆள் வரம்பு 105 ஆனது. முன்பே பட்டியலில் இருந்த சிலருக்கு விலக்கு உண்டு என்றாலும் இனிமேல் வருவோருக்கு இல்லை. இதில் அடிபட்டது வாக்-ஆன்கள்தான். வாரம் முழுக்க எதிரணி போல நடித்துப் பயிற்சி கொடுக்கும் ஸ்கவுட் டீமில் பெரும்பகுதி அவர்கள்தான். அது மட்டுமல்ல, 2026 முதல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பதியும் பட்டியல்) ஜனவரியில் ஒரே ஒரு முறைதான் திறக்கிறது. ஏப்ரல் வாசலை மூடிவிட்டார்கள். வசந்தகாலப் பயிற்சியில் ஓட்டை தெரிந்தாலும் வெளியிலிருந்து ஆள் கொண்டுவர வழி அநேகமாக இல்லை. உள்ளே இருப்பவரைத்தான் நகர்த்த வேண்டும்.

105 பேரை எப்படிப் பங்கிடுவது? அணிக்கு அணி வேறுபடும். உத்தேசமாக நான் எடுத்துக்கொள்ளும் கணக்கு இது: குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) 4, ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) 7, ரிசீவர் 14, டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று எதிராளியை மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) 6, தாக்குதல் லைன் (நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள்) 18, தடுப்பு லைன் (உள்ளே டேக்கிள், ஓரங்களில் டிஃபென்சிவ் எண்ட்) 18, லைன்பேக்கர் (தடுப்பு லைனுக்குப் பின்னால் நிற்பவர்) 13, கார்னரும் சேஃப்டியும் (கடைசி அரணாகப் பின்னால் நிற்பவர்) சேர்த்து 20, உதை நிபுணர்களும் லாங் ஸ்னாப்பரும் (உதைக்காகப் பந்தைப் பின்னால் அனுப்புபவர்) 5. கேட்க ஏராளமாகத் தெரியும். தாக்குதல் லைனில் உட்கார்ந்து எண்ணிப்பாருங்கள். களத்தில் 5 பேர், இரண்டாம் அணிக்கு 5, ஸ்கவுட் டீமுக்கு 5. அதற்கே 15 ஆகிறது. மீதி 3 பேர். கேம்ப் (சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம்) தொடங்கி பத்து நாளில் ஒருவருக்குக் கணுக்கால், ஒருவருக்குத் தோள், ஒருவருக்கு வெயிலில் சுருட்டிப்போட்ட வயிறு என்றால் அந்த 3 காலி. நான்காவது ஆள் விழுந்தால் பயிற்சியே ஓடாது. ஓடினால் இருப்பவர்கள் இரட்டை வேலை செய்து அவர்களும் விழுவார்கள். அதனால்தான் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் திடீரென்று ஒரு தடுப்பு டேக்கிள் தாக்குதல் கார்டாக நிற்பதைப் பார்க்கிறோம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த மாற்றத்தை 'திட்டம்' என்று பேட்டியில் சொன்னால் நம்ப வேண்டாம்.

லைனில் 18 பேர் இருந்தாலும் ஒரு கோச் சனிக்கிழமை ஆட்டத்தில் நம்பி இறக்குவது 7 அல்லது 8 பேரைத்தான். ஆறாவது ஆள் இரண்டு டேக்கிள் இடத்துக்கும் பொது, ஏழாவது ஆள் இரண்டு கார்டுக்கும் சென்டருக்கும் பொது. இந்த ஏழாவது ஆளுக்கு ஸ்னாப் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதைத்தான் பல அணிகள் கோட்டைவிடுகின்றன. குவார்ட்டர்பேக் ஐந்து கெஜம் பின்னால் நிற்கும் ஷாட்கன் அமைப்பில் புது சென்டரின் பந்து தலைக்கு மேல் பறந்தால், எதிராளி ஒன்றுமே செய்யாமல் 15 கெஜம் போய்விடும். கார்டுகள் எல்லாரும் தினமும் பயிற்சிக்கு முன் 25 ஸ்னாப் போட வேண்டும், அதில் பாதி ஈரப் பந்தில். சலிப்பான வேலை, வேறு வழியில்லை. வலது டேக்கிளை இடது டேக்கிள் ஆக்குவதும் லேசல்ல. எந்தக் கால் பின்னால், எந்தக் கை முதலில் என்று உடம்பு முழுக்கக் கண்ணாடி பார்த்ததுபோல் திரும்ப வேண்டும்.

இனி எந்த மாற்றம் எடுபடும், எங்கே உடையும் என்று பார்க்கலாம்.

ரிசீவர் கார்னர் ஆவது அதிகம் பேசப்படுவது. ரிச்சர்ட் ஷெர்மன் ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராக இருந்து 2009ல் கார்னருக்கு மாறினார். 2011 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) சியாட்டில் அவரை ஐந்தாம் சுற்றில் எடுத்தது. டிரெவான் டிக்ஸும் அலபாமாவுக்கு வந்தது ரிசீவராகத்தான். வேகமும் கையும் ஏற்கெனவே இருக்கிறது. ரிசீவர் எந்த ஓட்டத்தை எப்படி மறைத்து ஓடுவார் என்பதும் தெரியும். இல்லாதது சட்டென்று திரும்பும் இடுப்பு. ரிசீவருக்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியும், கார்னருக்குத் தெரியாது. பின்னோக்கி ஓடும்போது மார்பு முழங்காலுக்கு மேலே, எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்க வேண்டும். புதியவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள், நிமிர்ந்தால் திரும்புவதற்கு ஒரு காலடி கூடுதலாகும், அந்த ஒரு காலடியில் பந்து போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த குறை கண். எதிராளியின் இடுப்பைப் பார்க்க வேண்டியவர், பழக்கதோஷத்தில் பந்தைத் தேடுவார். தேடிய நொடியில் ரிசீவர் விலகிவிட, பதற்றத்தில் கையைப் பிடித்து இழுப்பார். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், அதாவது பந்தைப் பிடிக்க விடாமல் இடைஞ்சல் செய்த தவறு: கல்லூரியில் அதிகபட்சம் 15 கெஜமும் புது முதல் டவுனும் (10 கெஜம் முன்னேற மீண்டும் நான்கு வாய்ப்பு) எதிரணிக்கு. மூன்றாவது குறை, ஆளைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவது. உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு அதைச் செய்தே இருக்க மாட்டார். ட்ரில்லில் இது தெரியாது. முதல் ஸ்க்ரிமேஜில் (அணிக்குள்ளேயே ஆடும் பயிற்சி ஆட்டம்) அம்பலமாகும்.

டைட் எண்டைத் தாக்குதல் டேக்கிள் ஆக்குவது எனக்குப் பிடித்த மாற்றம், ஏனென்றால் சரியாகச் செய்தால் கிடைக்கும் பலன் மிகப் பெரியது. ஜோ ஸ்டேலி சென்ட்ரல் மிச்சிகனுக்கு டைட் எண்டாக வந்து டேக்கிளாகி 2007ல் முதல் சுற்றில் போனார். அதே கல்லூரியில் ஆஸ்திரியக்காரர் பெர்ன்ஹார்ட் ரைமன் 2020ல் இடது டேக்கிளாக மாறி, 2022ல் இண்டியானாபோலிஸுக்கு மூன்றாம் சுற்றில் போனார். ஒக்லஹோமாவின் லேன் ஜான்சன் இன்னும் விநோதம்: குவார்ட்டர்பேக், டைட் எண்ட், டிஃபென்சிவ் எண்ட் என்று சுற்றிக் கடைசியில் டேக்கிள், 2013ல் நான்காவது ஆளாகத் தேர்வு. நீளமான கையும் லேசான காலும் உள்ளவருக்கு எடையை ஏற்றலாம். எடை உள்ளவருக்குக் காலை லேசாக்குவது அரிது.

ஆனால் எடை நாள் கேட்கும். 250 பவுண்டு (113 கிலோ) ஆளை 300க்கு (136 கிலோ) கொண்டுபோக வேண்டும். வாரத்துக்கு ஒரு கிலோ என்பதே மேல் வரம்பு. அதிலும் எல்லாம் தசையாக இருக்காது. ஆக 23 வாரம் குறைந்தபட்சம். ஜனவரியில் முடிவெடுத்தால் ஆகஸ்டுக்குள் ஏறலாம். ஆகஸ்டில் முடிவெடுத்தால் 255 பவுண்டில் நிற்கும் ஒருவரை 280 பவுண்டு டிஃபென்சிவ் எண்ட் நெஞ்சில் முட்டி குவார்ட்டர்பேக் மடியிலேயே உட்காரவைத்துவிடுவார். எடை ஏறும் காலத்தில் வாரம் ஒருமுறை தராசோடு 10 கெஜ ஓட்ட நேரத்தையும் குறிக்க வேண்டும். எடை ஏறி நேரமும் மோசமானால் ஏறியது கொழுப்பு. உணவைக் கொஞ்சம் குறைத்து இரண்டு வாரம் அதே எடையில் நிறுத்த வேண்டும். ஆட்ட நுணுக்கத்தில், வெளிப்பக்க வேகத்துக்குப் பயந்து அதிக தூரம் பக்கவாட்டில் சறுக்கிப்போவதுதான் புது டேக்கிளின் முதல் தவறு. வெளியே ஓடிவிட்டால் உள்பக்கம் கதவு திறந்துகிடக்கும். அந்தக் கதவு குவார்ட்டர்பேக்கை அடையக் குறுக்குவழி.

தடுப்பு டேக்கிள் கார்டு ஆனால் எடைப் பிரச்சினை இல்லை, குணப் பிரச்சினை. தடுப்பில் பந்து அசைந்ததும் பாயப் பழகியவர், தாக்குதலில் பாஸ் தடுக்கும்போது காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாமல் தலையை முன்னால் நீட்டுவார், ஆள் நழுவியதும் ஜெர்சியைப் பிடிப்பார், ஹோல்டிங் தவறுக்கு 10 கெஜம் அபராதம். இவர்களை ஓட்ட ஆட்டங்களில் மட்டும் இறக்குவது உசிதம். சேஃப்டி லைன்பேக்கர் ஆவது இதைவிடச் சுலபம். 10 கிலோ ஏற்றினால் போதும், கார்டின் அசைவைப் படிக்கக் கற்க வேண்டும்.

குவார்ட்டர்பேக்கை ரிசீவர் ஆக்கும்போது மறக்கப்படுவது தொடை. குவார்ட்டர்பேக் பயிற்சியில் முழு வேகத்தில் ஓடுவது குறைவு. ரிசீவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் முழு வேகம். முதல் வாரமே முழு ஓட்டம் கொடுத்தால் ஹாம்ஸ்ட்ரிங் பிடித்து கேம்ப் முடிந்துபோகும். முதல் வாரம் பாதி, பிறகு படிப்படியாக.

ஓஹையோ ஸ்டேட்டின் 2014, 2015 இரண்டு ஆண்டும் இந்தக் கேள்விக்கு நல்ல பாடம். அதன் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் 2012, 2013ல் பிக் டென் (அந்த அணி ஆடும் லீக்) சிறந்த தாக்குதல் வீரர். 2014 ஆகஸ்டில், தொடக்க ஆட்டத்துக்கு இரண்டு வாரம் கூட இல்லாதபோது பயிற்சியில் தோள் கிழிந்தது. ஜே.டி. பாரெட் வந்தார்; இரண்டாவது ஆட்டத்தில் வெர்ஜீனியா டெக்கிடம் 35-21 தோல்வி, பிறகு நிமிர்ந்தார். மிச்சிகன் ஆட்டத்தில் பாரெட்டின் கணுக்கால் உடைந்தது. மூன்றாம் ஆள் கார்டேல் ஜோன்ஸ் தொடங்கிய முதல் ஆட்டமே பிக் டென் இறுதி: விஸ்கான்சினை 59-0. அடுத்து அலபாமா 42-35, ஓரிகான் 42-20, தேசியப் பட்டம். கையிருப்பு என்றால் அது. அடுத்த ஆண்டு மூன்று குவார்ட்டர்பேக்கும் இருக்க, மில்லர் ரிசீவருக்கு மாறினார். வெர்ஜீனியா டெக்குடனான தொடக்க ஆட்டத்தில் ஒரு பாஸ், ஒரு ஓட்டம் என இரண்டு டச்டவுன். அவரை நகர்த்தியதால் பழைய இடத்தில் ஓட்டை விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உபரி இருக்கும் இடத்திலிருந்து எடுத்த மாற்றம் அது.

காலக்கணக்குக்கு வருவோம். வசந்தகாலத்தில் 15 பயிற்சி, சீசனுக்கு முன் ஏறத்தாழ நான்கு வாரத்தில் 25 பயிற்சி. கேம்பின் முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும். முட்டிமோதல் இல்லாத அந்த நாட்களில் லைனில் புதிதாக வந்தவரைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பயிற்சியில் ஒரு பகுதியில் 12 ஸ்னாப் என்றால் முதல் அணிக்கு 6, இரண்டாம் அணிக்கு 4, மூன்றாவதுக்கு 2 என்று போகும். மாறி வந்தவர் மூன்றாம் அணியில் தொடங்குவார். நாளுக்கு இப்படி ஐந்து பகுதி வைத்தாலும் 10 ஸ்னாப். அதில் எதைக் கற்பது? பக்கத்து மைதானத்தில் மூன்றாம், நான்காம் அணிகளைத் தனியாக ஓடவிட்டால் அந்த 10 ஸ்னாப் 30 ஆகும். இதற்குத்தான் உடம்புகள் வேண்டும், 105 வரம்பு கடிப்பதும் இங்கேதான்.

ஜெர்சி எண்ணையும் பாருங்கள். தாக்குதல் லைனில் குறைந்தது 5 பேர் 50 முதல் 79க்குள் எண் போட்டிருக்க வேண்டும். அந்த எண் போட்டவர் பாஸ் பிடிக்கத் தகுதியற்றவர். தொழில்முறை லீகில் நடுவரிடம் சொல்லிவிட்டுத் தகுதி பெறலாம், கல்லூரியில் அது கிடையாது, எண்ணையே மாற்ற வேண்டும். டைட் எண்ட் 88ஐக் கழற்றி 72 போட்டால் மாற்றம் நிஜம். 0 முதல் 99 வரை நூறு எண்கள்தான் என்பதால் தாக்குதலில் ஒருவரும் தடுப்பில் ஒருவரும் ஒரே எண்ணைப் பகிர்வார்கள். பக்கம் மாறியவரின் எண் அங்கே இன்னொருவருக்கு இருந்தால் இருவரும் ஒன்றாகக் களத்தில் நிற்க முடியாது. பன்ட் டீமில் (பந்தை உதைத்து எதிரணிக்கு விடும்போது இறங்கும் அணி) இதைக் கவனிக்காமல் அபராதக் கொடி வாங்கிய அணிகள் உண்டு.

முதலாண்டு மாணவர் என்றால் இன்னொரு வசதி: 2018 முதல் 4 ஆட்டம் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட் (ஆடாமல் காத்திருந்த) ஆண்டாகவே கணக்கு, தகுதி ஆண்டு குறையாது. மாற்றத்தைச் சோதிக்க அந்த நான்கு ஆட்டங்கள் போதும்.

டெப்த் சார்ட் (ஒவ்வோர் இடத்துக்கும் யார் முதல், யார் அடுத்து என்ற பட்டியல்) வெளியாகும்போது பெட்டிகளை எண்ணாமல் ஆட்களை எண்ணுங்கள். ஒரே பெயர் இடது டேக்கிள் இரண்டாம் வரிசையிலும் வலது டேக்கிள் இரண்டாம் வரிசையிலும் இருந்தால் அது ஒரு ஆள்தான். இரு பெயருக்கு நடுவே 'அல்லது' இருந்தால் இருவரும் நல்லவர்கள் என்றும் இருக்கலாம், இருவரும் போதாது என்றும் இருக்கலாம். பொசிஷன் மாறியவரை முதலில் தேட வேண்டிய இடம் ஸ்பெஷல் டீம்ஸ் (உதை ஆட்டங்களுக்கான அணிகள்). புது இடத்தில் நம்பிக்கை வருமுன் கோச் அவரைக் கிக்காஃப், பன்ட் அணிகளில் இறக்கிப் பார்ப்பார். மூன்றாவது ஆட்டம் வரை அங்கேயும் அவர் எண் தெரியவில்லை என்றால், அவர் ஸ்கவுட் டீமின் ஆள் குறையை நிரப்பத்தான் நகர்த்தப்பட்டார்.