ராத்திரி ஒரு மணிக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?

கேள்வி: எனக்கு வயது 41. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். லைன் லீடர், சூப்பர்வைசர் என்று படிப்படியாக ஏறி, போன ஆண்டு மேனேஜரானேன். எல்லா ஷிப்ட்டும் சேர்த்து அறுபது பேருக்கு மேல் என் பொறுப்பில் இருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் பெருநிலத்தில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கிளம்பிப் பாலம் ஏறினால் வீடு திரும்ப எட்டாகிறது. சனிக்கிழமை அரை நாள். அப்புறமும் வாட்ஸ்அப் ஓயாது. மெஷின் நின்றுவிட்டது, இருவர் லீவு மாற்றிக்கொள்ளக் கேட்கிறார்கள், லாட்டை, அதாவது ஒரு தொகுதிச் சரக்கை, அனுப்பலாமா வேண்டாமா, எல்லாம் என்னிடம்தான். ராத்திரி ஒரு மணிக்கும் வரும். மேலதிகாரியோ பத்து மணிக்கு மெசேஜ் போடுவார். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் கணக்கு வேறு என் கையில். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளுக்குச் சொல்வதெழுதுதல் வாசிக்கும்போது நடுவில் போனைப் பார்த்துவிட்டேன். "அம்மா, இதே சொல்லை மூணு தடவை சொல்லிட்டீங்க" என்கிறாள். தலைவலி என்று கிளினிக் போனால் பிரஷர் 150/95. கணவர் வேலையை விடச் சொல்கிறார். நம்ம பொண்ணு ஒருத்தி இந்த இடத்துக்கு வந்து தாக்குப்பிடிக்க முடியாமல் போய்விட்டாள் என்று பேச மாட்டார்களா? என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த 150/95. ஒரு தடவை அளந்ததை வைத்து இரத்த அழுத்த நோய் என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம் தலைவலி மாத்திரை போட்டுவிட்டுக் கடந்து போகிற எண்ணும் இல்லை. இந்த வாரமே மறுபடி போய்க் காட்டுங்கள். பாலத்தில் போய்வரும் நேரத்தைக் கழித்துக் கூட்டிப் பார்த்தாலும் நீங்கள் வாரம் 55 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைக்கிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களை விட, 55 மணியும் அதற்கு மேலும் செய்கிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு கூடுதல் என்கிறது. இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடு கூடுதல். பயமுறுத்த எழுதவில்லை. பிரஷரும் ஏறி, மணிக்கணக்கும் ஏறினால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

அடுத்து, வேலையை விடலாமா என்பது. தூக்கம் கெட்டுக் கிடக்கும்போது அந்த முடிவை எடுக்காதீர்கள். மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

காலை ஐந்து மணிக்கு எழுந்து தியானம் செய்யுங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள் என்று உங்களுக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். ஏற்கெனவே ஐந்து மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுத்தானே கிளம்புகிறீர்கள்? அந்த அறிவுரையெல்லாம் வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு. உங்களுக்கு நேரம் போதாததை விடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. உங்கள் துறையில் எந்த முடிவும் உங்களைத் தொடாமல் நகர்வதில்லை. கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அப்படிப் பழக்கியது நீங்கள்தான். லீடராக இருந்தபோது உடனுக்குடன் பதில் சொன்னதால்தான் மேலே வந்தீர்கள். அந்த நல்ல பழக்கமே இப்போது உங்களை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

நீங்கள் எழுதிய மூன்றையே எடுத்துக்கொள்வோம். மெஷின் நின்றால் மெயின்டனன்ஸில் அந்த ஷிப்ட்டுக்கென்று ஆள் இருப்பார். அவரைக் கூப்பிடாமல் உங்களுக்கு எதற்கு மெசேஜ்? லீவு மாற்றுவதை ஷிப்ட் சூப்பர்வைசரே பார்த்துக்கொள்ளலாம். ஆள் எண்ணிக்கை இத்தனைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு வரம்பு கொடுத்தால் போதும். மூன்றாவதான லாட் விஷயம் மட்டும்தான் உண்மையில் உங்களுடையது. அதிலும் பாதிதான்.

ஏன் பாதி என்கிறேன்? ஒரு லாட்டை நிறுத்தி வைப்பது வேறு, விடுவிப்பது வேறு. சந்தேகத்தில் நிறுத்தி வைத்தால் அதிகம் போனால் சில மணி நேரம் நட்டம், காலையில் சரிசெய்துகொள்ளலாம். தவறான லாட் லாரி ஏறி வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே நிறுத்தும் அதிகாரத்தை எல்லா ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கும் முழுசாகக் கொடுத்துவிடுங்கள். ஏன் நிறுத்தினாய் என்று ஒருநாளும் திட்டாதீர்கள், அவசியமே இல்லாமல் நிறுத்தியிருந்தாலும் சரி. விடுவிக்கும் கையெழுத்து மட்டும் உங்களிடம் இருக்கட்டும், அதுவும் பகலில். ராத்திரி ஒரு மணிக்கு அரைத் தூக்கத்தில் படம் பார்த்து "ஓகே" போடுகிற முடிவு, நிதானமாக யோசித்த முடிவும் ஆகாது, பாதுகாப்பானதும் ஆகாது.

இதே கேள்வியை மற்ற எல்லாவற்றுக்கும் கேட்டுப் பாருங்கள்: தப்பாகிப் போனால் நாளைக்குத் திருத்த முடியுமா? முடியும் என்றால் அவர்களே முடிவெடுத்துவிட்டுக் காலையில் சொன்னால் போதும். முடியாது என்றாலோ, யாருக்காவது அடிபட்டாலோ உங்களுக்குப் போன் வர வேண்டும். மெசேஜ் இல்லை, போன். இந்த வித்தியாசம் முக்கியம். அவசரத்துக்கு மணி அடிக்கும் என்று உங்களுக்கே நம்பிக்கை வந்தால்தான் வாட்ஸ்அப்பை மூடி வைக்க மனசு வரும். சூப்பர்வைசர்களை உட்காரவைத்து, இதையெல்லாம் ஒரே தாளில், அவர்களுக்கு வசதியான மொழியில் எழுதி ஒட்டுங்கள்.

முதல் சில வாரம் பழையபடியே மெசேஜ் வரும். அங்கேதான் சோதனை. ஒரே ஒரு ராத்திரி பதில் போட்டால்கூட தாள் செல்லாத தாளாகிவிடும். காலையில் போய், "தாளில் என்ன இருக்கு? நீங்க என்ன செய்யலாம்னு நெனச்சீங்க?" என்று கேளுங்கள். சிலர் தடுமாறுவார்கள். ஒருவர் நீங்களே எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாகச் செய்வார். அவரைக் கவனித்து வையுங்கள், அடுத்த ஆண்டு உங்களுக்குத் தேவைப்படுவார்.

இனி உங்கள் சொந்தப் பழக்கம். உங்கள் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்தால் பாஸ்டவுன் என்ற ஒப்படைப்புக் குறிப்பு எழுதாமல் யாரும் லைனை விட்டு நகர முடியாது. எது முடிந்தது, எது தொங்குகிறது, அடுத்து வருகிறவர் முதலில் என்ன பார்க்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். மேனேஜருக்குப் பாஸ்டவுன் கிடையாது. அதனால் மொத்த லைனையும் தலையில் வைத்துக்கொண்டே பாலம் ஏறுகிறீர்கள். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு உங்களுக்கே ஒன்று எழுதுங்கள், நாளைக் காலை முதல் வேலை என்ன என்பது உட்பட. இது வெறும் மனத்திருப்திக்காக இல்லை. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிக்காத வேலை மனத்தில் வந்து வந்து தொல்லை கொடுப்பது, அதை எப்போது எப்படிச் செய்வோம் என்று திட்டமிட்டுவிட்டாலே அடங்குவதாகக் கண்டார்கள். வேலையை முடிக்கக்கூட வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் கிளம்புங்கள், பாலத்தில் நெரிசல் என்று காரிலேயே மீட்டிங் பேசுவதையும் விடுங்கள்.

வீட்டில் பெரிய மாற்றம் எதையும் நான் கேட்கவில்லை. சொல்வதெழுதுதல் நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும், கவிழ்த்து வைத்தால் போதாது. மகள் குறை சொல்லவில்லை, எண்ணிச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் அப்படித்தான். கணவர் வேலையை விடு என்று சொல்வதற்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் இரவுச் சமையலை எடுத்துக்கொள்ளட்டும். கேட்டுப் பாருங்களேன்.

மேலதிகாரி விஷயத்தில் "என்னால் முடியவில்லை" என்று போய் நிற்காதீர்கள். கையில் இருக்கும் வேலைகளை வரிசையாகக் காட்டி, "இந்த வாரம் இதில் எது பின்னால் போகலாம்?" என்று கேளுங்கள். இதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். சட்டத்திலும் ஒரு வழி இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தப்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித்தரும்படி நீங்கள் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். பால நெரிசலுக்கு முன் வந்து முன் கிளம்பும்படி நேரம் கேட்கலாம், வாரம் ஒருநாள் வீட்டிலிருந்து அறிக்கை வேலை பார்க்கக் கேட்கலாம். அதே திருத்தம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆக்கியது. ஆனால் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்குச் சட்டப்படி ஓவர்டைம் கட்டாயம் இல்லை. ஆப்பரேட்டரின் கூடுதல் நேரத்தைச் சம்பளச் சீட்டு எண்ணும். உங்களுடையதை எண்ண ஆளில்லை. நீங்களே எண்ணி வையுங்கள், பேசப் போகும்போது உதவும்.

தண்ணீர்ப் பந்தல் கணக்கு! நம் சங்கங்களில் நன்றாகச் செய்கிறவர் தலையில்தான் அடுத்த வேலையும் விழும், கூடவே ஒரு மாலையும். வரும் தைப்பூசத்தோடு ஒப்படைக்கிறேன் என்று இப்போதே சொல்லி, கூட ஒரு இளையவரை உட்காரவைத்துப் பழக்குங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கமிட்டித் தலைவர் கோபித்துக்கொள்ளலாம்.

"நம்ம பொண்ணு" என்ற பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தச் சுமை உண்மைதான், நீங்களாகக் கற்பனை செய்தது இல்லை. சறுக்கினால் ஓர் ஆளின் சறுக்கலாக அது பார்க்கப்படாது என்ற பயம் நம்மில் பலருக்கும் தெரியும். ஆனால் இருபத்துநான்கு மணி நேரமும் பதில் போடுவதால் யாரிடமும் எதையும் நிரூபித்துவிட முடியாது. தீபாவளிக்கு ஒரு வாரம் லீவு போட்டு, அந்த வாரம் உங்கள் துறை வழக்கம்போல ஓடினால், அது உங்கள் நிர்வாகத்துக்குக் கிடைத்த சான்று.

தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை வந்துகொண்டே இருந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை இருக்கிறது, எண் 15555. பேசுவதில் வெட்கமில்லை.

மூன்று மாதம் கழித்தும் தாளை மேலிடம் மதிக்கவில்லை, பத்து மணி மெசேஜும் நிற்கவில்லை என்றால் தாராளமாக வேறு இடம் பாருங்கள். பத்து காவானிலும் கூலிமிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பாலமே ஏற வேண்டாம். நேர்காணலில் சம்பளம் பேசுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்: "இங்கே ராத்திரி ஷிப்ட்டில் முடிவெடுப்பவர் யார்?"