நியூரான் மின்கம்பி இல்லை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், நான் உயிரியல் மாணவி. நியூரானும் நரம்பும் ஒன்றுதானா?

நியூரான் ஒரு தனி செல். நரம்பு என்பது பல நியூரான்களின் நீண்ட இழைகள், அதாவது ஆக்சான்கள், சேர்ந்த கட்டு. நியூரானின் படங்களில் கிளை கிளையாகத் தெரிபவை டென்ட்ரைட்டுகள். சேதி வாங்குவது பெரும்பாலும் அவற்றின் வேலை. வெளியே அனுப்புவதற்கு ஆக்சான் ஒன்றே ஒன்றுதான்.

கேள்வி: மூளையில் ஓடுவதும் வீட்டு மின்சாரமும் ஒன்றா?

கம்பியில் நகர்வது எலெக்ட்ரான். இங்கே அயனிகள், அதாவது மின்சுமை கொண்ட அணுக்கள். சும்மா இருக்கும் நியூரானின் உட்புறம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டுதல் ஒரு வரம்பைத் தாண்டியதும் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாயும். ஒரு மில்லிசெகண்டுக்குள் அந்த இடம் நேர்மின்னாகிவிடும். பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறி நிலைமையைச் சரிசெய்யும். அதற்குள் பக்கத்து இடம் பற்றிக்கொள்ளும். இப்படி ஓடும் மின்மாற்றம்தான் நரம்புத் துடிப்பு; எரியும் திரி மாதிரி. ஆனால் இந்தத் திரி உடனே மறுபடி எரியத் தயாராகிவிடும்.

கேள்வி: அப்போது லேசான வலிக்குச் சின்னத் துடிப்பு, பலமான வலிக்குப் பெரிய துடிப்பா?

இல்லை, பலரும் தடுக்கி விழும் இடம் இது. துடிப்பு வந்தால் முழுசாக வரும், இல்லையேல் வராது. வலி கூடினால் துடிப்புகள் அடிக்கடி வரும். கூடுதல் நியூரான்களும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: மயலின் உறை எதற்கு?

மயலின் என்பது ஆக்சானைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை. அது வேகத்துக்கு. உறையின் இடைவெளிகளில் மட்டும் துடிப்பு புதுப்பிக்கப்படுவதால் தாவித் தாவிப் போகும். தடித்த, உறையுள்ள இழைகளில் வினாடிக்கு 100 மீட்டர்கூடப் போகும். உறையற்ற மெல்லிய இழையில் ஏறக்குறைய 1 மீட்டர்தான்.

கேள்வி: ஒரு நியூரான் இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருக்குமா?

பெரும்பாலும் தொடாது. நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி உண்டு; அந்தச் சந்திப்புதான் சினாப்ஸ். நியூரான்கள் எல்லாம் ஒரே வலை என்றார் விஞ்ஞானி கோல்ஜி, தனித்தனி செல்கள் என்றார் இன்னொரு விஞ்ஞானி கஹால். வேடிக்கை என்னவென்றால் 1906-இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள்! சரி, இடைவெளியைச் சேதி எப்படித் தாண்டுகிறது? 1921-இல் விஞ்ஞானி ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி இதயத் துடிப்பைக் குறைத்தார். அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு இதயத்துக்கு மாற்றினார்; அதுவும் மெதுவானது. நரம்பின் சேதியைச் சுமந்தது ஒரு ரசாயனம்.

கேள்வி: மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே?

கட்டுக்கதை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில்கூட நம் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. அதில் பெரும்பங்கு, உள்ளே வந்த சோடியத்தை வெளியே இறைப்பதற்கே போகிறது.