பித்தப்பைக் கல் என்று சொல்லிவிட்டால் போதுமா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கமுங்க. உடம்பு எடைக்காக வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டதைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பல்லடம் பக்கம். வீட்டுக்காரர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 38, இரண்டு பிள்ளைகள். உயரம் 160 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. சர்க்கரை வந்து நாலு வருடமாகிறது. இரண்டு மாத்திரை போட்டும் மூன்று மாதச் சராசரி 9-க்குக் கீழே இறங்கவில்லை. ராத்திரி படுத்தால் எதுக்களிப்பு வேறு. கோயம்புத்தூரில் காட்டினோம். 'ஸ்லீவ்' செய்துகொள்ளலாம் என்கிறார் டாக்டர்.

நான் சும்மா இருக்கவில்லை அண்ணா. நடந்தேன், சோற்றை நிறுத்தினேன், 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று மாமியார் சொல்லக் கொள்ளு ரசமாகக் குடித்தேன். ஏழு கிலோ இறங்கியது, ஒன்பது கிலோ ஏறியது. டிவியில் இந்த ஆபரேஷன் பற்றிச் செய்தி வந்தபோது, "வாயைக் கட்ட முடியாதவங்கதான் வயித்தை வெட்டிக்குவாங்க" என்றார் மாமியார். அதனால் வீட்டில் பித்தப்பைக் கல் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். "உன் இஷ்டம்" என்கிறார். தை மாதம் நாத்தனார் மகளுக்குத் தெரட்டிச் சீர். ஒறம்பரை எல்லாம் வரும். அதற்குள் முடித்துக்கொண்டால் கொஞ்சம் இளைத்துத் தெரிவேன் என்றும் ஓர் ஆசை.

இது குறுக்குவழியா? யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ள முடியுமா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள அம்மிணி,

குறுக்குவழியா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அதில் பேச அதிகம் இல்லை. ஏழு இறங்கி ஒன்பது ஏறியது வாயைக் கட்டாததால் அல்ல. எடை இறங்க இறங்க உடம்பு பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும், இழந்ததை எப்படியாவது மீட்கப் பார்க்கும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு காபி டம்ளர் கொள்ளும் அளவுதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில். ஆக, இடமும் குறைகிறது, பசியும் தணிகிறது. 1987-இல் சுவீடனில் தொடங்கிய ஓர் ஆய்வில், எடைக்காக அறுவை செய்துகொண்டவர்களையும் வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. கொள்ளு ரசத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன், நல்ல சாமான். ஆனால் 94 கிலோவுக்கும் சர்க்கரைக்கும் பழமொழி மருந்தாகாது.

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், கிட்டத்தட்ட 36.7 வருகிறது. நம் நாட்டு மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கில் 37.5-க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை போன்ற நோயோடு 32.5-க்கு மேல் இருந்தாலோ அறுவையைப் பரிசீலிக்கலாம். இன்ஷூரன்ஸ் கணக்கு வேறு. பாலிசிகளின் பொதுவான விதி 40, அல்லது கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவற்றோடு 35. நீங்கள் இரண்டாவது வாசல் வழியாக நுழையலாம். ஆனால் மாத்திரை எடுத்தும் கட்டுப்படவில்லை என்று மருத்துவர் எழுத்தில் தர வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து வையுங்கள். பணம் கட்டும் முன் பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் பார்த்துவிடுங்கள். கணக்கு எழுதுகிறவருக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு இறங்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஒரு எண் இருக்கும். ஸ்லீவில் சுமாராக மொத்த எடையில் கால் பங்கு, அதுவும் ஒன்றரை, இரண்டு வருடத்தில். உங்களுக்கு 70 கிலோவை ஒட்டி நிற்கலாம். அதற்குப் பிறகு கொஞ்சம் திரும்ப ஏறுவதும் சகஜம். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் பெண் திரும்பி வரமாட்டாள். தொங்கும் தோலோடு, ஆனால் மூட்டுவலி குறைந்து, மாத்திரை குறைந்து அல்லது நின்று, வேறொருத்தி வருவாள். சர்க்கரை வந்து நாலே வருடம் என்பது உங்களுக்குச் சாதகம். நாள்பட்ட சர்க்கரை இந்த அளவுக்கு மசிவதில்லை.

சரி, பித்தப்பைக்கு வருவோம். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் நிஜமாகவே கல் உண்டாகும். அதைத் தடுக்க ஆறு மாதம் மாத்திரை தருவதும் உண்டு. மீறி வந்து, அடுத்த வருடம் பித்தப்பையை எடுக்க வேண்டிவந்தால் மாமியாரிடம் என்ன சொல்வீர்கள்? மனுஷிக்கு எத்தனை பித்தப்பை?

வேடிக்கையை விடுங்கள். பித்தப்பை எடுத்தவர் இரண்டு மூன்று நாளில் இட்லி சாப்பிடுவார். நீங்கள் முதலில் தண்ணீரும் தெளிந்த சூப்பும் மடக்கு மடக்காக, இரண்டு வாரம் வரை திரவம் மட்டும், அப்புறம் மசித்தது, அப்புறம் குழைந்தது என்று போய் வழக்கமான சாப்பாட்டைத் தொட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஆபரேஷனுக்கு முன்பே ஈரலைச் சுருக்க இரண்டு வாரம் தனிச் சாப்பாடு. இதையெல்லாம் ஒரே அடுப்படியில் யாருக்கும் தெரியாமல் எப்படிச் செய்வீர்கள்? நாலாம் நாள் உங்கள் மாமியார் ரசம் ஊற்றிச் சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்து வருவார். "ஒரு வாய் வாங்கிக்க கண்ணு, தெம்பு வேண்டாமா" என்பார். பாசத்தில்தான். வயிற்றுக்குள் தைத்த கோடு அப்போது ஆறிக்கொண்டிருக்கும். அந்த ஒரு வாயை மறுக்க உங்கள் கையில் காரணமே இருக்காது.

ஆறிய பிறகும் விஷயம் முடிவதில்லை. காங்கேயம் பக்கம் ஒரு காதுகுத்து விருந்தில் மாமன் முறை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் வெச்சா வேண்டாம்பியா மாப்ள?" என்று எலும்போடு கறியை என் இலையில் தள்ளினார். என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டே சரியாக மெல்லாமல் ஒரு துண்டு உள்ளே போய்விட்டது. நெஞ்சுக் குழியில் கல்லாக நின்றது. வாயில் எச்சில் நுரையாகப் பொங்கியது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். பந்தியை விட்டு எழுந்து மண்டபத்துக்குப் பின்னால் குழாயடிக்குப் போனேன். அங்கே அண்டா தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "பித்தமா சாமி? எலுமிச்சம்பழம் இருந்தா மோந்து பாரு" என்றார். கொஞ்ச நேரத்தில் கறி மேலே வந்தது, சரியாகிவிட்டது. எனக்கு அது ஒரு நாள் கூத்து. தினமும் அப்படி வாந்தி எடுப்பவர்களுக்குத் தயமின் என்ற வைட்டமின் குறைந்து நரம்பையும் மூளையையும் தொடும். உடனே கவனிக்காவிட்டால் திரும்பாத சேதம். 'பித்தப்பை எடுத்த பொண்ணு' வாந்தி எடுத்தால் சோடா வாங்கித் தருவார்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகமாட்டார்கள்.

முதல் சில வாரங்களில் காய்ச்சல், படபடவென்று நாடித் துடிப்பு, வயிற்றிலோ தோளிலோ தாங்க முடியாத வலி, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் தைத்த இடத்தில் கசிவோ ரத்தம் உறைதலோ இருக்கலாம். ஊர் டாக்டரிடம் ஊசி போட்டுப் படுக்கிற சமாச்சாரம் இல்லை. ஆபரேஷன் செய்த இடத்துக்கே அந்த நேரத்திலேயே போக வேண்டும். உங்கள் கணவர் பண்ணைக்குக் குஞ்சு இறக்கப் போன ராத்திரியில் வீட்டில் இருக்கப்போவது யார்? அதே மாமியார்தானே.

அவர் பார்த்த செய்தி அநேகமாக, 2024-இல் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போய் இறந்ததாக இருக்கும். அனுபவமுள்ள இடங்களில் இறப்பு ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான், பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடலாம். ஆனால் அந்த ஒருவரின் வீட்டுக்கு அது கணக்கில்லை. 'வாயைக் கட்ட முடியாதவங்க' என்ற ஏச்சுக்குள் இந்தப் பயமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் பயத்தைப் பயமாகச் சொல்ல வராது. திட்டாகத்தான் வரும்.

ஆகவே என் கணக்கு இது. உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கும், ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர்களுக்கும் தெரிந்தே ஆக வேண்டும். மாமியாரிடம் அனுமதி கேட்கச் சொல்லவில்லை, தகவல் சொல்லச் சொல்கிறேன். மற்ற ஒறம்பரைக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. "சர்க்கரைக்கு வைத்தியம் பாத்துக்கிட்டேனுங்க, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடோணும்" என்றால் போதும், அது பொய்யும் இல்லை. மூணாம் மாதத்திலிருந்து முடி கொட்டும், முகம் ஒட்டும். "என்ன அம்மிணி, இப்படிக் காஞ்சு போயிட்டே, பெரிய நோயா?" என்று சந்தையில் வைத்துக் கேட்பார்கள். முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். கேட்டவர்கள் அதற்குள் வேறு ஒருவரைப் பிடித்திருப்பார்கள்.

இன்னொன்று, என் பார்வையில் ரகசியத்தைவிடப் பெரிது: உங்கள் எதுக்களிப்பு. ஸ்லீவுக்குப் பிறகு அமிலம் மேலேறுவது பலருக்கு அதிகமாகிறது, சிலருக்குப் புதிதாகவே வருகிறது. இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கும் பைபாஸ் முறையில் அது பெரும்பாலும் குறையும், சர்க்கரைக்கும் அது சற்றுக் கூடுதலாகவே கேட்கும். ஆனால் பைபாஸில் சத்துக்குறைவு அதிகம், வலிமாத்திரைகளால் உள்ளே புண் வரும் ஆபத்தும் உண்டு. மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். நான் மருத்துவன் இல்லை, இரண்டில் எது என்று சொல்லமாட்டேன். ஆனால் எண்டோஸ்கோபி எடுத்துப் பார்க்காமல், "எனக்கு எதுக்களிப்பு இருக்குதுங்க, அப்பவும் ஏன் ஸ்லீவ்?" என்று கேட்டுப் பதில் வாங்காமல், ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் டாக்டர் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். கோயம்புத்தூரில் பஞ்சமில்லை.

ஊசி மருந்தைப் பற்றியும் கேளுங்கள். மவுன்ஜாரோ 2025-இல் நம் நாட்டுக்கு வந்துவிட்டது. சர்க்கரைக்கும் எடைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. வெட்டு இல்லை. ஆனால் நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பிவிடும், அதனால் மாதாமாதச் செலவு நிற்காது. உங்கள் குடும்பத்துக்கு எது கட்டுப்படியாகும் என்று உங்களால் போட முடிந்த கணக்கை என்னால் போட முடியாது.

ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்வது சிலருக்குச் சலிப்பான வேலை. ஆயுசுக்கும் வைட்டமின், சுண்ணாம்புச்சத்து, இரும்பு, பி12. வருடம் தவறாமல் ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு வேளையும் முதலில் புரதம், நாளுக்கு 60 கிராமாவது. பல்லடத்துக் கோழியும் நாமக்கல் முட்டையும் இருக்கிற ஊரில் அது சிரமமில்லை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். எனக்கு இன்றைக்கும் பழகாதது அது ஒன்றுதான். அரிசிம்பருப்புச் சாதம் குழைவாக இருந்தால் நாலு வாய் இறங்குகிறது, அந்த நாலு வாய் முன்பு தின்ற தட்டைவிட ருசி. ஒப்புட்டு அரைக்கு மேல் வேண்டாம்.

உங்கள் கணவர் விஷயம். "உன் இஷ்டம்" என்பது சம்மதம் இல்லை, ஒதுங்கிக்கொள்வது. அடுத்த முறை டாக்டரிடமும், உணவு ஆலோசகரிடமும் அவரைக் கூட்டிப்போங்கள். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளை உங்கள் வாயால் அல்ல, அவர்கள் வாயால் அவர் கேட்க வேண்டும்.

சீருக்கு முன்னால் முடிக்க அவசரப்படாதீர்கள். ஒறம்பரை நிறைந்த வீட்டில், ஆளாளுக்கு ஊட்டிவிட வரும் நாளில், ஆறாத வயிற்றோடு உங்களால் நிற்க முடியாது. தையில் சீரை நடத்துங்கள், மாசியில் தேதி வாங்குங்கள். அதுவரை மாத்திரையை மாற்றிச் சர்க்கரையை இன்னும் கொஞ்சம் இறக்க முடியுமா என்று கேளுங்கள், ஆபரேஷனுக்கும் அது நல்லது. சீர் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மாமியாரிடம் பேசுங்கள். இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருப்பார், இருக்கட்டும். அதற்கு முன்னால் எண்டோஸ்கோபி எடுத்துவிட்டால், அதில் என்ன வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.