கோணியா, சாக்கா, இரட்டா?

சாக்கு, கோணி இரண்டும் ஒன்றுதானே?

பொருள் ஒன்று, பிறப்பு வேறு. சாக்கு கப்பலில் வந்த சொல். டச்சு 'சாக்', போர்த்துக்கீசிய 'சாக்கோ', ஆங்கில 'சேக்' எல்லாமே லத்தீன் 'சக்குஸ்' வழி வந்தவை. அதற்கு முன் கிரேக்கம், அதற்கும் முன் எபிரேயம் போன்ற செமித்திய மொழிகளின் 'சக்'.

வேதாகமத்தில் வரும் 'இரட்டுடுத்தி' எதைக் குறிக்கிறது?

இரட்டை நூலில் நெய்த முரட்டுத் துணியை. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பதும் மேலே சொன்ன 'சக்'தான். ஆட்டு மயிரில் நெய்து துக்கத்துக்கு உடுத்தியது. நினிவே ராஜா சாம்பலில் உட்கார்ந்தபோது உடுத்தியதும் அதுதான். 'சாக்கு' என்று போட்டிருந்தால் நமக்குப் பைதான் நினைவுக்கு வரும். 'இரட்டு' அருமையான தேர்வு.

சாக்குப் பைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'கன்னி பேக்' (gunny bag) என்பதைத்தான் நம்மவர்கள் 'கோணி' ஆக்கிவிட்டார்களாமே?

இல்லவே இல்லை. மாதம் ஒருவராவது இதை எழுதுகிறார், எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நடந்தது தலைகீழ். கோணி என்ற சொல்லை இங்கே வாங்கிக்கொண்டு போனவர்கள் ஆங்கில வணிகர்கள். அவர்களிடம் அது சுமார் 300, 400 ஆண்டுப் பழக்கம். சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினியோ ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பே, தானியம் கொட்டிவைக்கும் பை என்ற பொருளில் 'கோணீ' வரும் என்று சூத்திரம் எழுதிவிட்டார். கன்னடத்தில் கோணி, தெலுங்கில் கோனெ. இத்தனை பேரும் ஆங்கிலேயனுக்காகக் காத்திருந்தார்களா?

இன்னொருவர், வாய் கோணலாக இருப்பதால் கோணி என்கிறார். ஒலி ஒத்துப்போனால் வேர் ஆகிவிடாது. எத்தனை முறை சொல்வது? பாணினியின் இலக்கணத்துக்குப் பதஞ்சலி எழுதிய உரையான மகாபாஷ்யத்திலும் 'கோணீ' வருகிறது. அங்கே அது பசுவைக் குறிக்கும் கொச்சை வடிவம், பையல்ல. அதனால் முதலில் காலத்தைப் பாருங்கள், பிறகு பொருளை, ஒலியைக் கடைசியில்.

சணலும் சணப்பும் ஒன்றா?

இல்லை. சணப்பு வயலில் உரத்துக்காக மடக்கி உழுவது. சாக்கு நெய்யும் சணல் வேறு செடி. வங்காளத்தில் அதற்குப் 'பாட்' என்று பெயர்.

'ஹெஸ்ஸியன்' துணி?

ஜெர்மனியின் ஹெஸ்ஸ வட்டாரத்துப் பெயர். சணல்தான்.

எங்கள் ஊரில் சாக்குக்கு வேறு பெயர் உண்டு, அதன் வேர் என்ன?

எந்த ஊர்? என்ன பெயர்? இரண்டையும் எழுதாமல் வேரை மட்டும் கேட்டால் எங்கே போய்த் தேடுவது? சொல்லை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதி, ஊரையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.