ஏற்காட்டுக் குளிரில் ஜெரேனியத்தையும் டாலியாவையும் என்ன செய்வது?

சேலத்தில் குடியிருந்து வார இறுதியில் ஏற்காட்டு வீட்டுக்குப் போய்வரும் வாசகி ஒருவரின் கேள்வி: "தொட்டியில் இருக்கும் ஜெரேனியம், செம்பருத்தி, டாலியா மூன்றும் நவம்பரிலிருந்து இலை பழுத்துக் கொட்டுகின்றன. குளிர் தாங்காது, பிளாஸ்டிக் உறை போட்டு மூடிக் குளிர்கால டானிக் ஊற்றுங்கள் என்கிறார் செடி விற்பவர். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். ஊட்டி மாதிரி உறைபனி விழுந்து செடி கருகுகிற ஊர் இல்லை ஏற்காடு. ஜனவரி ராத்திரியில் 12, 13 டிகிரிக்கு இறங்கும், அதை ஜெரேனியம் தாராளமாகத் தாங்கும். அதற்கு ஆகாதது ஈரம். அக்டோபரில் பிடிக்கிற வடகிழக்குப் பருவமழை, அது விட்டதும் மூடுபனி, வெயிலே படாமல் தொட்டி மண் காயாது, வேர் மூச்சு முட்டி அழுகும், மேலே இலை மஞ்சளாகும், நாமோ தண்ணீர் போதவில்லை என்று இன்னொரு குவளை ஊற்றுவோம். இதில் பிளாஸ்டிக்கையும் மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம்தான் பிடிக்கும்.

அந்த டானிக் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். என்ன சத்து, எத்தனை சதவீதம் என்று அச்சடிக்காத எதையும் செடிக்கு ஊற்றக் கூடாது. குளிரில் தூங்குகிற செடிக்கு உரமே வேண்டாம், பிப்ரவரி கடைசி வரை. தோட்டக்கலைத் துறை மே மாத மலர்க் கண்காட்சிக்குக் காட்டுகிற அக்கறையில் கால்பங்கை டிசம்பரில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குக் காட்டியிருந்தால் இந்த பாட்டில் வியாபாரமே நடந்திருக்காது, எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்!

சரி, ஜெரேனியத் தொட்டியைக் காலை வெயில் விழுகிற தாழ்வாரத்துக்கு நகர்த்தி, அடியில் இரண்டு செங்கல் வையுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, மண் உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கவாத்தும், அதாவது கிளைகளை வெட்டி விடுவதும், பிப்ரவரி கடைசியில்தான்.

டாலியா மட்டும் வேறு. பூ முடிந்து இலை காய்ந்ததும் தண்டை நான்கு விரல் விட்டு வெட்டி, கிழங்கைக் கொத்தாக அப்படியே எடுங்கள். தண்டு உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும், அதில் தேங்குகிற தண்ணீர்தான் தண்டும் கிழங்கும் சேரும் கழுத்தை அழுக வைக்கும். அதனால் ஒரு வாரம் நிழலில் தலைகீழாகக் காயவைத்து, அப்புறம் உலர்ந்த தென்னை நார்க்கழிவில் புதைத்து அட்டைப் பெட்டியில் வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, கொழகொழவென்று இருப்பதை வெட்டி எறியுங்கள். கோடை மழை தொடங்கும்போது நடலாம்.

இன்னொன்று. உருளைக்கிழங்குக்கு இருப்பது போல டாலியாக் கிழங்கின் உடம்பில் முளைவிடும் கண் இருக்காது, தண்டோடு சேரும் கழுத்தில்தான் இருக்கும். கழுத்து முறிந்த கிழங்கு எத்தனை கொழுத்திருந்தாலும் முளைக்காது. மார்ச்சில் அதைத்தான் தனித்தனியாகப் பிய்த்துக் கூடையில் குவித்து விற்கிறார்கள், பாவம், ஜனங்களும் பருமனைப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். வாங்கும்போது ஒவ்வொன்றிலும் கழுத்துத் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

செம்பருத்திக்கு அந்தக் குளிரில் பூக்க மனசு வராது. உங்களுக்குத்தான் கீழே வீடு இருக்கிறதே, வண்டியில் ஏற்றிச் சேலத்துக்கு இறக்கிவிடுங்கள். மார்ச்சில் மேலே கொண்டுபோனால் போதும்.