மேசன் வேலைக்குப் போன ஒன்றரை வருடம் வீண் இல்லை

கேள்வி: மகனுக்கு 20 வயது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஒன்றரை வருடமாக மாமாவோடு மேசன் வேலைக்குப் போகிறார். ஆறு மாதத்தில் 'கியூ.எஸ்.' ஆக்கிவிடுவதாகச் சொல்லி ஒரு தனியார் வகுப்பில் பெரிய தொகை கேட்கிறார்கள். காணி உறுதியை அடகு வைத்துக் கட்டலாமா? (ஒரு தாய், கிரான், மட்டக்களப்பு)

வேண்டாம் அம்மா, உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும்.

கியூ.எஸ். நல்ல தொழில்தான். வரைபடத்தைப் பார்த்து அளவெடுத்து, கல், கம்பி, சீமெந்து, கூலி என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறவர் அவர். ஆனால் அது ஆறு மாதத்தில் கைக்கு வருகிற வேலை இல்லை. எந்த வகுப்பானாலும் காசு கட்டுமுன் இரண்டு விஷயம் கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? அந்தக் கற்கைநெறிக்கே என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமை அங்கீகாரம் உண்டா? முதலாவதற்குச் சான்றிதழைக் காட்டிவிட்டு இரண்டாவதை மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, தம்பி இப்போது என்ன செய்யலாம்? அவர் பார்த்த வேலையே அவருக்கு முதல் படி. ஏற்கனவே தெரிந்த தொழிலைப் பரீட்சித்து என்.வி.கியூ. சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைற்றாவின் அலுவலகத்தில் கேளுங்கள். வேலை செய்த இடங்களின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் இன்றே சேர்க்கத் தொடங்கட்டும். மதிப்பீட்டாளர் வேலையைச் செய்துகாட்டச் சொல்வார், கேள்வியும் கேட்பார். 4ஆம் மட்டம் கிடைத்தால் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி. 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். இரத்மலானையில் உள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இந்த ஏணியில் ஏறி வருகிறவர்களுக்காகவே இருக்கிறது. கல்லடிப் பாலம், மண்முனைப் பாலம் போன்ற வேலைகளுக்கு எஞ்சினியர் மட்டும் போதாது. அளவெடுக்கிறவர், பரிசோதிக்கிறவர், படம் வரைகிறவர், மெஷின் ஓட்டுகிறவர் என்று நடுவில் எத்தனையோ பேர் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த நடு இடம் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

தம்பிக்கு நான் சொல்வது தரப் பரிசோதனைப் பக்கம். கொங்கிறீட் குழைத்து வந்ததும் 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பில் மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 தரம் குத்துவார்கள். கூம்பை மெல்ல நேராகத் தூக்கியதும் குழையல் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். அளவுக்கு மேல் இறங்கினால் தண்ணீர் கூடிவிட்டதோ என்று உடனே பார்க்க வேண்டும். அதே குழையலை 150 மில்லிமீற்றர் கனசதுர அச்சுகளில் வார்த்து, தண்ணீரில் வைத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்ப்பார்கள். தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்று மாமாவுக்குத் தெரியும். எவ்வளவு குறையும் என்று எழுதிக் கையெழுத்து வைப்பவருக்குச் சம்பளம் வேறு. அதிலும் எங்களுடையது கடலும் வாவியும் சூழ்ந்த மண். கம்பியை மூடும் கொங்கிறீட் மெலிந்தால் உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து வீங்கும், தூண் வெடிக்கும். இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை இங்கே கட்டாயம் தேவை.

மட்டக்களப்பு, சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரிகளில் இந்தத் துறைக்கு எப்போது விண்ணப்பம் கோருகிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். அரச கல்லூரி என்பதால் காணியை அடகு வைக்கும் அளவுக்குச் செலவு வராது. அதுவரை மாமாவோடு போகும் வேலையை விட வேண்டாம்.

வெளிநாடு பிறகு. கையில் சான்றிதழ் இல்லாமல் போனால் லேபர் என்றுதான் எழுதுவார்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. தம்பிக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மூடை சீமெந்து போனது, எத்தனை அடி சுவர் எழும்பியது என்று அவர் எழுதட்டும். கியூ.எஸ். வேலை அங்கேதான் தொடங்குகிறது. மதிப்பீட்டாளர் முன்னாலும் அந்தக் கொப்பியை வைக்கலாம்.