பருப்பு வேகாத ஊரில் பௌதிகவியல்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 17 வயது. நுவரெலியா கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா கொழுந்தெடுக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டது. விஞ்ஞானம் ஏ, கணிதம் சி. உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்து, பிறகு கெம்பஸ் போய் பௌதிகவியல் படிக்க ஆசை.

ஆசை வந்ததே பருப்பால்தான். கொழும்பில் சித்தி வீட்டில் பருப்பு சட்டென்று வெந்துவிடும். எங்கள் லயத்தில் லேசில் வேகாது. சயன்ஸ் சேரிடம் கேட்டேன். உயரப் போகப் போக காற்றழுத்தம் குறையும், அதனால் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 பாகை குறையும் என்றார். எங்கள் இடம் சுமார் 1,900 மீட்டர். வகுத்துப் பார்த்தேன், ஆறும் கொஞ்சமும் வந்தது. பாடசாலை வெப்பமானியை வாங்கி வந்து கொதிக்கிற கேத்தலுக்குள் வைத்தால் 94! அன்றிரவு தூக்கமே இல்லை.

ஆனால் கணக்கு எனக்கு வராது அக்கா. தரம் 9இல் ஒரு சமன்பாட்டைச் செய்யச் சொல்லி கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். வெண்கட்டியோடு அப்படியே நின்றேன். "கொழுந்து நிறுக்க இவ்வளவு கணக்குப் போதும்" என்றார் அந்தச் சேர். வகுப்பே சிரித்தது. இப்போதும் எக்ஸைப் பார்த்தால் உள்ளங்கை வியர்க்கிறது.

எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவு இல்லை. தினமும் பஸ்ஸில் நுவரெலியா டவுனுக்குப் போக வேண்டும். மாமா, "கொமர்ஸ் எடு, பேங்க்ல வேலை கெடைக்கும்" என்கிறார். அம்மா, "அதப் படிச்சா என்ன வேலம்மா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்படிக்கு,
பருப்பு வேகாத ஊரிலிருந்து ஒரு தங்கை

அன்புத் தங்கைக்கு,

"கணக்கு வராது" என்று எழுதிய அதே கைதான் 1,900ஐ 300ஆல் வகுத்து, வந்ததை 100இல் கழித்து, விடை சரியா என்று கேத்தலிடமே கேட்டிருக்கிறது. புள்ளி போட யாருமில்லை, ஆனாலும் செய்திருக்கிறாய். கரும்பலகை முன்னால் உனக்கு நடந்தது அவமானம். அதைக் 'கணக்கு வராது' என்று பெயர் மாற்றி இத்தனை நாள் வைத்திருக்கிறாய். அந்தச் சேர் சொன்னது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை.

கணக்குச் செய்யும்போது இலக்கங்களைப் பிடித்துவைக்க மனதில் இருப்பது சின்ன இடம். பயம் வந்தால் பாதி இடத்தில் அது குந்திக்கொள்ளும். 2011இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்ததைக் கண்டார்கள். செலவில்லாத வைத்தியம், செய்து பார்.

பயம் போனால் கணிதம் தானாக வந்துவிடும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். இவ்வளவு காலம் ஒதுங்கியிருந்ததில் ஓட்டைகள் விழுந்திருக்கும். பெரும்பாலும் அட்சரகணிதத்திலும் பின்னத்திலும். கணிதப் பிரிவில் இணைந்த கணிதம் என்றொரு பாடம் உண்டு. அதற்குத் தூய கணிதம், பிரயோக கணிதம் என இரண்டு தாள். சி எடுத்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும். பௌதிகவியல் தாள் அந்தளவு மிரட்டாது. உயிரியல் பிரிவு மாணவர்களும் அதே தாளைத்தான் எழுதுகிறார்கள், அவர்களுக்கு இணைந்த கணிதம் கிடையாது. அப்போ அந்த வழியில் போகலாமா என்று யோசிப்பாய். உயர்தரத்தோடு நிற்பதென்றால் போகலாம். கெம்பஸில் பௌதிகவியல் என்றால் பொதுவாக இணைந்த கணிதம் வேண்டும்.

வகுப்புத் தொடங்குமுன் மூன்று வாரம் எடுத்துக்கொள். தரம் 9, 10 கணிதப் புத்தகங்களில் அட்சரகணிதப் பாடங்கள் மட்டும், தினம் ஒரு மணித்தியாலம். பிழைத்தால் வெட்டாதே. என்ன நினைத்து அப்படிச் செய்தாய் என்று பக்கத்தில் எழுது. வியர்த்தால் பரவாயில்லை, வியர்த்துக்கொண்டே செய். மூன்று வாரம் முடிய உனக்கு இருப்பது பயமா, அலுப்பா என்று பார். இரண்டும் வேறு. பயம் தேயும். அலுப்பு என்றால் மாமா சொல்வதையும் காதில் போட்டுக்கொள், அவர் சொல்வது மோசமான யோசனையில்லை.

அப்புறம் அம்மாவின் கேள்வி. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர் வேறெதைக் கேட்பார்? நேர்மையாகச் சொல்கிறேன், பௌதிகவியல் பட்டம் வாங்கிய மறுநாள் வேலைக் கடிதம் வராது. அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளை நீயும் பார்த்திருப்பாய். ஆனால் நம் மலையகப் பாடசாலைகளில் தமிழில் கணிதமும் பௌதிகவியலும் படிப்பிக்கப் போதிய ஆளில்லை. நீ பஸ் ஏற வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வளிமண்டலவியல் திணைக்களம், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் வைத்தியசாலைகள், கணினித் துறை என்று வேறு வழிகளும் உண்டு. கெம்பஸ் கிடைக்காவிட்டால் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பத்தனை ஸ்ரீபாத போன்ற கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. இன்னொன்று: பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதியில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. கொழும்புப் பிள்ளையின் இசட் புள்ளியை, அதாவது பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளியைப் பார்த்து இப்போதே மனம் விடாதே.

உண்மையில் எனக்குக் கவலை பஸ் காசும் டியூஷன் காசும்தான். மாதம் எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதி, அப்பா ஊருக்கு வரும்போது மூவரும் சேர்ந்து இருந்து பேசுங்கள். "ஆசையாயிருக்கு" என்று மட்டும் சொன்னால் அம்மா பயப்படுவார். கணக்கோடு போனால் பேச இடமிருக்கும்.

கடைசியாக ஒரு விஷயம். சித்தி வீட்டில் கேஸ் அடுப்பு, உங்கள் வீட்டில் விறகாகத்தான் இருக்கும். பருப்பும் ஒரே கடையில் வாங்கியதில்லை. அப்படியானால் மெதுவாக வேகிறதற்கு உயரம் மட்டும்தான் காரணமா? கண்டுபிடித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா